ஒலி காட்டிய கம்பி

திருவாதவூரில் ஒரு வீட்டுத் திண்ணை. பொழுது சாயும் நேரம். தாய் ஒருத்தி உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மூன்றரை வயதுப் பெண் பிள்ளை. அதன் கையில் ஒரு புளியங்கொட்டை. அதைக் காதோரம் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் காத்திருக்கிறது. இருவருக்கும் நடுவில் ஒரு தகர டப்பா.

"ஆ" என்கிறாள் தாய். கொட்டை டப்பாவில் விழுகிறது. பிள்ளை அடுத்ததை எடுத்துக் காதோரம் பிடிக்கிறது. "ஊ." விழுகிறது. "ஈ." விழுகிறது. "ம்." கொஞ்சம் யோசனைக்குப் பிறகு விழுகிறது. "ஷ்." விழுகிறது. "ஸ்..." கொட்டை கையிலேயே இருக்கிறது.

"நல்லாக் கேளு தாயி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாயை மறைக்கிறாள். "ஸ்..." இந்த முறையும் விழவில்லை.

டேனியல் லிங் என்ற ஆசிரியர் வகுத்த ஆறு ஒலிகள் இவை. மனிதப் பேச்சின் அடிக்குரலிலிருந்து உச்சக்குரல் வரை உள்ள வீச்சை இந்த ஆறும் தொட்டுவிடும். எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டால் கருவியில் எங்கே குறை என்று கண்டுபிடித்துவிடலாம். உதட்டசைவைப் பார்த்துப் பிள்ளை ஊகித்துவிடக் கூடாது. அதற்காகத்தான் வாயை மறைப்பது.

பிள்ளையின் காதுமடலுக்குப் பின்னால் அவரைக்காய் போல வளைந்த ஒரு கருவி தொற்றியிருக்கிறது. வீட்டில் அதை 'மெஷின்' என்கிறார்கள். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய ஒயர் தலையில் நாணயம் போன்ற ஒரு வட்டத்தில் முடிகிறது. அது 'காயில்'. உள்ளே இருக்கும் காந்தத்தின் பிடியில் அது தலையோடு ஒட்டி நிற்கிறது. அதற்கு நேர் கீழே, தோலுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இன்னொரு வட்டம். அங்கிருந்து கிளம்பும் கம்பி எலும்பைக் கடந்து, நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதுக்குள் போய், மூளைக்குச் செல்லும் கேள்நரம்பின் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது. கம்பி நெடுகப் பிளாட்டினப் புள்ளிகள்.

மனித மூளையைக் கணினியோடு இணைக்கும் காலம் வரப்போகிறது என்று உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. வெளியே ஒலியைக் கணக்கிடும் ஒரு சிறு கணினி, உள்ளே நரம்போடு பேசும் கம்பி, அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகும் ஒரு பிள்ளையின் மூளை. இணைப்பு என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? மூளையின் வாசல்படியில் நிற்கும் இந்தக் கம்பிதான் உடன்பிறப்புகளிலேயே மூத்தது. நேராக மூளைக்குள் போகும் கம்பிகள் இதற்குப் பின்னால் பிறந்த தம்பிகள். மூத்ததன் கதை தெரிந்தால் இளையவற்றின் எதிர்காலம் கொஞ்சம் புரியும்.

இந்த ஊரில் நின்று இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அவருக்கு வாதவூரர் என்ற பெயர் வந்ததும் இதனால்தான். இறைவன் தன் காற்சிலம்பின் ஓசையை அவருக்கு இங்கே காட்டி அருளினான் என்பது மரபு. ஓசையை எழுப்பினான் என்றோ கேட்கச் செய்தான் என்றோ சொல்லவில்லை. காட்டினான் என்கிறது மரபு. உருவம் தெரியாமல் ஒலி மட்டும் வந்து ஒருவரைத் தொட்டதைச் சொல்ல நம் முன்னோர் தேர்ந்த சொல் அது. திருமறைநாதர் கோயிலின் முன்னால் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரிந்தது இந்தத் திண்ணையில்தான்.

*

கம்பியின் பிறப்பு இத்தாலியில். அலெஸாண்ட்ரோ வோல்ட்டா என்ற இயற்பியலாளர் இரண்டு உலோகத் தகடுகளை உப்புநீரில் நனைத்த அட்டையோடு மாற்றி மாற்றி அடுக்கி முதல் மின்கலத்தைச் செய்தார். அதைப் பற்றி 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்திலேயே இன்னொரு சோதனையையும் சொல்லியிருந்தார். இரண்டு உலோகக் குச்சிகளைத் தன் இரு காதுகளிலும் செருகி, அவற்றை அடுக்கின் இரு முனைகளோடு இணைத்திருக்கிறார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. அதைத் தொடர்ந்து கெட்டியான குழம்பு கொதிப்பது போல ஒரு சத்தம். மூளைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் மறுபடி அதைச் செய்யவில்லை.

அந்தக் கொதிக்கும் சத்தம்தான் இந்தப் பயணத்தின் முதல் ஒலி. காற்றில் பிறக்காமல் மின்சாரத்தில் பிறந்த ஒலி. நரம்பு மின்சாரத்தின் மொழியை ஏற்கும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனிதன் கற்றுக்கொள்ள 150 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அடுத்த நிறுத்தம் பாரிஸ். 1957 பிப்ரவரி 25. காதுநோய் முற்றி, இரு காதிலும் செவிப்புலனை இழந்து, முகநரம்பும் செயலற்றுப்போன ஒருவருக்கு அறுவை செய்கிறார் ஷார்ல் ஏரியெஸ். செயற்கையாக நரம்பைத் தூண்டும் சுருள் ஒன்றை ஆந்த்ரே ஜூர்னோ செய்து வைத்திருந்தார். முகநரம்பைச் சரிசெய்யும் அதே அறுவையில் அந்தச் சுருளையும் உள்ளே வைத்தார்கள். மின்சாரம் பாய்ந்ததும் நோயாளிக்குச் சில்வண்டு கத்துவது போலக் கேட்டது. பழகப் பழக, அப்பா, அம்மா என்பதைப் போன்ற சில சொற்களை அடையாளம் காணத் தொடங்கினார். அந்த நேரத்தில் கருவி பழுதானது. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் பழுதானது. மூன்றாம் முறை வைக்க ஏரியெஸ் சம்மதிக்கவில்லை. மீண்டும் நிசப்தத்துக்குத் திரும்பிய அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கொடுத்த ஒலி கைவிட்டுப் போவது, கேளாமல் இருந்ததைவிடப் பெரிய இழப்பாக இருந்திருக்கும்.

அந்தச் சோதனையைப் பற்றி வந்த செய்தித்தாள் நறுக்கு ஒன்று கடல் கடந்து லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தது. வில்லியம் ஹவுஸ் என்ற காது மருத்துவரின் கையில் அதைக் கொடுத்தவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர். ஹவுஸ் 1961இல் முதல் கம்பிகளை நோயாளிகளின் உள்காதுக்குள் வைத்தார். அறிஞர் கூட்டம் அவரைக் கடுமையாகக் கண்டித்தது. ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் செய்கிற வேலையை ஒற்றைக் கம்பி செய்துவிடுமா என்று கேட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. அவருடைய கருவியில் கதவு தட்டுவதும் வாகனத்தின் ஊதலும் கேட்டன, பேச்சு புரியவில்லை. ஆனாலும் முழு அமைதியில் கிடந்தவர்களுக்கு அந்தத் தட்டலே ஓர் உலகம். 1984இல் அமெரிக்க அரசு அந்தக் கருவிக்கு ஒப்புதல் கொடுத்தது.

*

பேச்சு புரிய வேண்டுமானால் உள்காது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அதைக் காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த கியோர்க் வான் பெக்கேஷி. இறந்தவர்களின் காதுகளைத் திறந்து ஆராய்ந்தவர். 1961இல் நோபல் பரிசு பெற்றவர். உள்காது ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருள். விரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர் வரும். கீச்சுக்குரல் வாசலிலேயே இறங்கிவிடும். கனத்த குரல் சுருளின் உள்ளறை வரை போகும். வீணையின் மேளத்தில் மெட்டுகள் பதித்ததைப் போல, ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம். ஆகவே ஒரு கம்பியில் பல புள்ளிகளை வைத்து, உரிய இடத்தில் உரிய புள்ளியைத் தூண்டினால் மூளைக்குச் சுரம் பிரிந்து தெரியும்.

அப்படிப்பட்ட கம்பியைச் சுருளுக்குள் எப்படி நுழைப்பது? ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் இதில் முட்டி மோதினார். அவருடைய தந்தை மருந்துக்கடை வைத்திருந்தவர். காது சரியாகக் கேட்காதவர். வாடிக்கையாளர் என்ன மருந்து கேட்கிறார் என்று தெரியாமல் அப்பா திணறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. 1977இல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது கையில் ஒரு சங்கு கிடைத்தது. பக்கத்தில் புல். ஒரு தாளைக் கிள்ளிச் சங்கின் சுருளுக்குள் செலுத்திப் பார்த்தார். நுனி துவண்டும் அடி விறைத்தும் இருந்த புல்தாள் வளைந்து வளைந்து உள்ளே போய்விட்டது. கம்பியையும் அப்படியே செய்தார்.

1978 ஆகஸ்ட் 1. மெல்போர்னில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அந்தக் கம்பி பொருத்தப்பட்டது. விபத்தில் காது போனவர் அவர். பின்னர் ஒரு நாள் சோதனையின்போது அவருடைய நரம்புக்குள் ஒரு மெட்டு அனுப்பப்பட்டது. சாண்டர்ஸ் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார். அது அந்நாட்டின் அன்றைய தேசிய கீதம். ஒயர்கள் அறுந்துவிடுமே என்று கிளார்க் பதறியிருக்கிறார். கேட்டது என்ன என்று அவர் வாய் சொல்வதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் வியன்னாவில் இங்கெபோர்க் ஹோக்மயர், எர்வின் ஹோக்மயர் என்ற பொறியாளர் தம்பதி செய்த பலமுனைக் கருவியும் 1977 டிசம்பரில் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

இன்னொரு தடை மிச்சம் இருந்தது. புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒன்றின் ஓட்டம் இன்னொன்றில் கலந்து எல்லாம் இரைச்சலாகிவிடும். அமெரிக்காவின் பிளேக் வில்சன் 1991இல் ஒரு வழி சொன்னார்: எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து பேச வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாக, மிக வேகமாகப் பேசட்டும். திருவாதவூர் அடங்கிய மேலூர் வட்டார விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெரியாற்றுக் கால்வாயில் எல்லா மடைகளையும் ஒன்றாகத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. முறை வைத்துத் திறந்தால் எல்லா வயலும் நனையும். வில்சன் நரம்புக்கு முறைப்பாசனம் வைத்தார். கருவி வைத்தவர்கள் உதட்டைப் பார்க்காமல் பேச்சைப் புரிந்துகொள்வது இதற்குப் பிறகு பரவலாயிற்று. கிளார்க், இங்கெபோர்க் ஹோக்மயர், வில்சன் மூவருக்கும் 2013இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ஒரு கணக்கை இங்கே மனத்தில் வைக்க வேண்டும். நல்ல உள்காதில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் மயிர்க்கலங்கள் சுமார் 3500. அவற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் சுமார் 30,000. இந்தக் கம்பியில் உள்ள புள்ளிகள் 12 முதல் 22 வரைதான். முப்பதாயிரம் பேர் பேச வேண்டிய இடத்தில் இருபது பேர் பேசுகிறார்கள். மிச்சத்தை இட்டு நிரப்புவது யார்? அந்தப் பிள்ளையின் மூளை.

*

தமிழ்நாட்டுக்கு இந்தக் கம்பி வந்தபோது வசதி படைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கிடைத்தது. கருவி முழுவதும் இறக்குமதி. விலை பல லட்சம். சென்னையில் காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி அறக்கட்டளையை நடத்திய மருத்துவர் மோகன் காமேஸ்வரன் இந்த அறுவையை இங்கே வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர். 2006இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேள்நரம்பே இல்லாமல் பிறந்த பிள்ளைகளுக்கு உள்காதைத் தாண்டி மூளைத்தண்டிலேயே மின்முனைகளை வைக்கும் அறுவையிலும் அவருடைய குழு இந்தியாவில் முன்னோடி. கம்பி வாசல்படியைக் கடந்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அப்படித்தான்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைப் பெருமைப்பட வைப்பது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் காலத்திலும், 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கருவி இலவசமாகக் கிடைத்தது. ஆட்சி மாறியும் திட்டம் நிற்கவில்லை. மதுரையில் நாங்கள் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லும் ராஜாஜி அரசு மருத்துவமனையிலும் இந்த அறுவை நடக்கிறது. மத்திய அரசும் தன் உதவிக்கருவித் திட்டத்தில் 2014 முதல் இதைச் சேர்த்துக்கொண்டது. களத்துமேட்டில் நெல் தூற்றுபவரின் பிள்ளையும், கல்குவாரிக் கூலியின் பிள்ளையும் தலைக்குள் பிளாட்டினத்தோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஆறு வயது என்ற வரம்பு ஏன் என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழி இங்கே உடற்கூற்று உண்மை. ஒலியே வராத மூளையில், ஒலிக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பார்வை முதலான மற்றப் புலன்கள் மெல்ல எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் அனு சர்மா என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்திருக்கிறார். மூன்றரை வயதுக்குள் கருவி வைத்தவர்களின் மூளை பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே முதிர்கிறது. ஏழு வயதைத் தாண்டினால் அந்த வாசல் ஏறக்குறைய சாத்திக்கொள்கிறது.

அதனால்தான் பிறந்த உடனே செய்யும் காதுச் சோதனை உயிர்நாடி. ஒலி கேட்கும்போது மூளைத்தண்டில் எழும் மின்னலையை அளக்கும் சோதனையை 'பெரா டெஸ்ட்' என்று இப்போது கிராமத்திலும் சொல்கிறார்கள். மஞ்சள் காமாலை, கர்ப்பகாலத்து ருபெல்லா, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றால் காது போகலாம். நம் பக்கத்தில் இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுவது நமக்குப் பழக்கம். சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறைபாடு பிள்ளையிடம் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிச் செவிடு அப்படி வருவதும் உண்டு. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சொந்தத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே காதைச் சோதித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தால் போதும்.

திண்ணைப் பிள்ளையின் அப்பத்தா என்னிடம் சொன்னார்: "பட்டாசு போட்டாக்கூடத் திரும்பிப் பாக்காது தம்பி. நல்ல அமைதியான புள்ளன்னு நாங்க சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தோம்." அதைச் சொல்லும்போது அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அறுவை முடிந்து காயம் ஆற மூன்று வாரம் போல ஆகும். பிறகுதான் 'ஸ்விட்ச் ஆன்'. அந்த நாளைப் பற்றிப் படங்களில் பார்த்தவர்கள் பிள்ளை சிரிக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். பல பிள்ளைகள் வீறிட்டு அழும். இதுவரை இல்லாத ஒன்று தலைக்குள் எழுந்தால் யாருக்குத்தான் பயம் வராது? அது ஒலி என்றே பிள்ளைக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு மின்சாரம் என்று ஆடியாலஜிஸ்ட் கணினியில் அமைத்துக் கொடுப்பது 'மேப்பிங்'. முதல் மாதங்களில் அடிக்கடி போக வேண்டும். கூடவே கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி. சேவல் கூவினால் காதைத் தொட்டுக் காட்டி "கேட்டுச்சா?" என்று கேட்பது, குக்கர் விசில் வந்தால் அடுப்படிக்குத் தூக்கிப் போய்க் காட்டுவது, மாடு கத்தினால் தொழுவத்துக்கு ஓடுவது. சத்தத்தை அதன் சொந்தக்காரரோடு சேர்த்துக் காட்டுவது. அந்தத் தாய் ஒன்றரை ஆண்டாக அந்த வீட்டில் ஒலி காட்டிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாக் கேளாதோரும் இந்தக் கம்பியைத் தேடித்தான் ஆக வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். சைகைமொழி இலக்கணமும் செறிவும் உள்ள முழுமையான மொழி. அதில் வாழ்ந்து, படித்து, குடும்பம் நடத்துபவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கருவி வைத்த பிள்ளைக்கும் சைகை தெரிந்திருப்பது நல்லது. கருவி பழுதான நாளில் கைகொடுப்பது அதுதான்.

*

தம்பிகளின் கதைக்கு வருவோம். 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவுசெய்தார். 1973இல் கலிபோர்னியாவில் ழாக் விடால் மூளையையும் கணினியையும் இணைக்கும் துறைக்குப் பெயர் வைத்தார். உள்காதுக் கம்பி மூளைக்குச் செய்தியைக் கொண்டுபோகிறது. இவை மூளையிலிருந்து செய்தியைக் கொண்டுவருகின்றன. ஓட்டம் எதிர்த்திசை.

திருவாதவூருக்கு இதிலும் ஒரு தொடர்பு உண்டு. சாபத்தால் வாதநோய் கண்டு கால் முடங்கிய சனீஸ்வரன் திருமறைநாதரை வணங்கிக் குணமடைந்தான் என்பது தலபுராணம். ஊர்ப் பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்கிறார்கள். கை கால் விளங்காமல் போனவர்கள் குணம் வேண்டி இங்கே வருகிறார்கள். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இளைய கம்பிகள் தேடிப் போவது அவர்களைப் போன்றவர்களைத்தான்.

2004இல் அமெரிக்காவில் மேத்யூ நேகிள் என்ற இளைஞரின் மூளையில் 96 ஊசிமுனைகள் கொண்ட, நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சில்லு பதிக்கப்பட்டது. கத்திக்குத்தில் கழுத்துக்குக் கீழே முழுவதும் செயலிழந்தவர் அவர். கையை அசைக்க நினைத்தார்; திரையில் அம்புக்குறி அசைந்தது. மின்னஞ்சலைத் திறந்தார், செயற்கைக் கையை விரித்து மூடினார். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, நோயால் பேச்சிழந்த ஒரு பெண் பேச நினைத்ததை நிமிடத்துக்கு 62 சொல் வேகத்தில் திரையில் எழுதிக் காட்டியது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் டேவிஸில் இன்னொரு குழு, பேச்சிழந்த ஒருவரின் சொற்களை 97 சதவீதத் துல்லியத்தோடு படித்து, நோய்க்கு முந்தைய அவருடைய குரலிலேயே ஒலிக்கவும் செய்தது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் 64 இழைகளில் 1024 மின்முனைகள் கொண்ட கருவியை நோலண்ட் ஆர்பா என்பவருக்குப் பொருத்தியது. சில வாரங்களில் பெரும்பாலான இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மிச்சமிருந்தவற்றைக் கொண்டு மென்பொருளைத் திருத்தி வேலையைத் தொடர்ந்தார்கள்.

இந்தக் கதையில் திருவாதவூருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. ஊரை ஒட்டிய குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத் தமிழ்ப் பிராமி முழுவதையும் படித்துத் தொகுத்தவர் ஐராவதம் மகாதேவன். சிந்துவெளிக் குறியீடுகளுக்கு மொழியின் ஒழுங்கு இருக்கிறது என்று 2009இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் குழுவின் முதல் பெயர் ராஜேஷ் ராவ். அதே ராவ்தான் 2013 ஆகஸ்ட் 12 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தலையில் மின்முனைத் தொப்பி அணிந்து, கணினி விளையாட்டில் பொத்தானை அழுத்துவதாக நினைத்தார். வளாகத்தின் வேறோர் இடத்தில் இருந்த சகா ஆந்திரேயா ஸ்டோக்கோவின் விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. கல்லில் கிடக்கும் குறியீட்டைப் படிப்பதும் நரம்பில் ஓடும் குறியீட்டைப் படிப்பதும் ஒரே மனிதரின் ஆவல் என்பதில் எனக்கு வியப்பு இல்லை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் மனிதக் கருவின் மூளையை 5132 வெட்டுகளாகப் படம்பிடித்து 'தரணி' என்ற பெயரில் உலகுக்குத் திறந்துவைத்தது. கம்பி போக வேண்டிய நாட்டின் வரைபடம் நம் மண்ணிலும் தயாராகிறது.

*

கம்பி தன் பயணத்தில் இவ்வளவு தூரம் வந்தபின் மூத்தது இளையவற்றுக்கு என்ன சொல்லும்? அறுவைக்கான செலவை ஓர் அரசு ஒரே நாளில் கட்டிவிடலாம். கம்பி உடம்புக்குள் இருக்கப்போவது எழுபது ஆண்டு. காயில் ஒயர் அறும். பேட்டரி தேயும். வெளிக்கருவியின் பழைய மாதிரி நிறுத்தப்பட்டு உதிரி கிடைக்காமல் போகும். கூலிக்குப் போகும் வீட்டில் ஒரு ஒயரின் விலை பல நாள் சம்பளம். அந்த ஒயர் வாங்கும் வரை பிள்ளைக்குக் காது இல்லை. பழகிவந்த பேச்சும் பின்னுக்குப் போகும்.

கண்ணில் என்ன நடந்தது என்று பாருங்கள். பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் மின்முனை பதிக்கும் கருவியை அமெரிக்க நிறுவனம் ஒன்று விற்றது. உலகெங்கும் 350 பேர் போல அதைப் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனத்துக்கு நஷ்டம் வந்ததும் 2019இல் கருவியைக் கைவிட்டது. கண்ணுக்குள் உலோகம் இருக்கிறது. பழுதானால் பார்க்க ஆள் இல்லை. பாரிஸில் 1957இல் நிசப்தத்துக்குத் திரும்பியவரின் கதை, இந்த நூற்றாண்டில் நூற்றுக்கணக்கானவர்களின் கதையாகிவிட்டது.

ஆகவே நான் கேட்பது இதுதான். மனித உடம்புக்குள் போகும் எந்தக் கம்பிக்கும், அந்த மனிதர் வாழும் காலம் முழுவதும் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். உதிரியும் பழுதுபார்ப்பும் அறுவையைப் போலவே காப்பீட்டின் பகுதியாக வேண்டும். விசாகப்பட்டினத்தில் கடலடி ஆயுதங்களை ஆராயும் அரசு ஆய்வுக்கூடம் உள்நாட்டிலேயே உள்காதுக் கருவி செய்யும் பணியை மேற்கொண்டது. அதைப் போன்ற முயற்சிகள் சந்தைக்கு வந்து சேர வேண்டும். மூளையிலிருந்து செய்தி எடுக்கும் கம்பிகளுக்கு இன்னும் ஒரு காவல் தேவை. சிலி நாடு 2021இல் தன் அரசமைப்பிலேயே மூளையின் செயல்பாட்டுக்குப் பாதுகாப்பு எழுதிக்கொண்டது. நாமும் எழுதிக்கொள்ளலாம்.

*

இருட்டிவிட்டது. "ஸ்" அன்றைக்கு விழவே இல்லை. மேப்பிங்குக்குப் போகும்போது ஆடியாலஜிஸ்டிடம் சொல்ல வேண்டும் என்று காலண்டர் தாளில் குறித்துக்கொண்டாள் தாய். அப்பத்தா உள்ளேயிருந்து பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை திரும்பிப் பார்க்காமலே "வரேன் த்தா" என்று சொல்லிவிட்டு டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிறது என்பதை அந்த வீட்டில் வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அது பழகிவிட்டது.

தூங்கும் முன் தாய் மெஷினைக் கழற்றினாள். வேர்வையைத் துணியால் துடைத்தாள். ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடினாள். பேட்டரியைச் சார்ஜரில் போட்டாள். பிள்ளை இனி விடியும் வரை சத்தமில்லாத உலகத்தில் தூங்கும். சற்று நேரத்தில் கரண்ட் போனது. இருட்டில் அவள் எழுந்து வந்து, சார்ஜ் ஏறிய இன்னொரு பேட்டரி அலமாரியில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இருந்தது.

"காலையில மொத வேலை இத மாட்டுறதுதாண்ணே" என்றாள். "அதுக்கப்பறந்தான் அடுப்பு."